அரைக் கட்டை இறக்கியவர்

"ஏற மாட்டேங்குதுங்க. அரைக் கட்டை எறக்கி வெச்சுக்கலாமுங்க" என்று சொல்லிவிட்டு, சரவணமுத்து தன் பேஸ் கிட்டாரின் தலைப்பக்கம் மறுபடியும் குனிந்துகொண்டார். தடித்த கம்பியை முறுக்கும் கீயைத் திருகுவதும் விடுவதுமாக இருந்தார்.

ஆட்டையாம்பட்டியில் மாரியம்மன் பண்டிகைப் பாட்டுக் கச்சேரி. மேடையில் விளக்குப் போட்டாகிவிட்டது. ஜனம் பாய் விரித்து உட்கார்ந்துவிட்டது. அந்த நேரத்தில் ஒருவருடைய கம்பி சுருதிக்கு ஏறவில்லை என்றால் என்ன செய்வது? மற்ற எல்லாரும்தான் அவருக்காக இறங்க வேண்டும். கீபோர்டு வாசிக்கும் ஜீவானந்தம் சுருதியை இறக்குகிற பட்டனை அமுக்கினார். லீடு கிட்டார்க்காரர் முணுமுணுத்துக்கொண்டே தன் கம்பிகளைத் தளர்த்தினார். குழுவின் முதலாளி அருணகிரி மட்டும் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, "ஊரு பூராத்துக்கும் தறி ரிப்பேர் பாக்கறீங்க. உங்க கிட்டாருல ஒரு கீயப் பாக்க மாட்டீங்களாங்ண்ணா?" என்றார். சரவணமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

அன்று பாட வேண்டியவள் தமிழ்ச்செல்வி. கழுத்தில் ஆபரேசன் ஆகி நாலு மாதம். தைராய்டு கட்டியை எடுத்திருந்தார்கள். தழும்பு தெரியாமல் கவரிங் அட்டிகை போட்டிருந்தாள். பேசுகிற குரல் தடித்துப் போயிருந்தது. பாடும்போது கீழே எல்லாம் சரியாகத்தான் வந்தது. உச்சிக்குப் போகும்போது ஓர் இடத்தில் துணி கிழிகிற மாதிரி கிழிந்தது. வீட்டில் கதவைச் சாத்திக்கொண்டு பாடிப் பார்த்ததில் அது அவளுக்குத் தெரியும். வேறு யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தாள். அரைக் கட்டை இறங்கியதும் அந்த உச்சி, பலகை போட்டு ஏறினால் கைக்கு எட்டுகிற பரண் மாதிரி ஆகிவிட்டது. தொட்டுவிட்டு இறங்கி வந்தாள். மாரியம்மனை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இடைவேளையில் மேடைக்குப் பின்னால் எல்லாரும் டீ குடித்தார்கள். அவள் அவர் பக்கத்தில் போய் நின்று மெதுவாகக் கேட்டாள்.

"ஏனுங்ண்ணா, நெசமாலுமே கீ சறுக்குதுங்களா?"

"சறுக்குதுன்னு சொன்னாச் சறுக்குதுங்க அம்மிணி. டீ ஆறுது, குடிங்க."

சரவணமுத்துவுக்கு ஐம்பத்து மூன்று வயது. பள்ளிபாளையத்தில் விசைத்தறிப் பட்டறைகளுக்கு மெக்கானிக். சட்டைப் பையில் பேனா இருக்காது, திருப்புளி இருக்கும். அதனால் அவருடைய எல்லாச் சட்டைகளும் இடது பக்கம் மட்டும் தொங்கும். தெருவில் நடந்து போகும்போதே பட்டறைக்குள்ளிருந்து வரும் இடியைக் கேட்டுவிட்டு, "நாலாவது தறியில நாடா முட்டுதுங்க, நிறுத்திப் பாருங்க" என்று வாசலிலிருந்தே சொல்லிவிட்டுப் போய்விடுவார். போய்ப் பார்த்தால் நாலாவது தறிதான்.

ஆடுகிற எதையும் அவரால் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க முடியாது. ஓட்டலில் மேசைக்கால் ஆடினால் காகிதத்தை மடித்து அடியில் வைத்துவிட்டுத்தான் இலையில் கை வைப்பார். கோயில் மணியின் கொக்கி தேய்ந்திருந்தால் கும்பிட்ட கையோடு அதையும் தடவிப் பார்ப்பார். அடுத்த வெள்ளிக்கிழமை போனால் அங்கே புதுக்கொக்கி தொங்கும். யார் போட்டது என்று பூசாரிக்கும் தெரியாது. கச்சேரிக்கு வேனில் போகும்போது திருச்செங்கோட்டு மலை தெரிகிற இடத்தில் பேச்சை நிறுத்திவிட்டுக் கையெடுத்துக் கும்பிடுவார். கும்பிட்டு முடித்ததும் டிரைவரிடம், "முன் சக்கரத்துல ஒரு நட்டு லூசுங்க. மெதுவாப் போங்க" என்பார்.

அவருடைய கிட்டாரும் அப்படித்தான். சேலத்தில் யாரோ வாசித்துச் சலித்துப் போட்டதை வாங்கி வந்தது. வாரை மாட்டுகிற ஆணி கழன்றபோது லாரி பாடி கட்டுகிற இடத்திலிருந்து ஒரு போல்ட்டைக் கொண்டுவந்து அறுத்துப் போட்டார். வயர் சொருகுகிற துளை தளர்ந்தபோது பித்தளை வாஷர் வைத்தார். கம்பிகள் உட்காருகிற பிரிட்ஜில் துருப்பிடித்த திருகாணிகளுக்குப் பதிலாகத் தறித் திருகாணிகள். கடையில் வாங்கியபடி மிச்சமிருந்தது மரமும் கீகளும்தான். ஆனால் தூக்கிக் குலுக்கினால் ஒரு சத்தம் வராது. "என்ற கிட்டாருல ஆடற சாமானம் நானு ஒருத்தன்தானுங்க" என்பார். அவருக்குப் பெருமை என்று ஒன்று உண்டென்றால் அது இவ்வளவுதான்.

முப்பத்தைந்து வருடத் தறிச் சத்தத்தில் அவருக்குக் காது போய்விட்டது. முழுவதும் இல்லை. "ஒசந்த சத்தத்தையெல்லாம் தறி தின்னுபோட்டுதுங்க. அடிச் சத்தம் மட்டும் நெஞ்சுல கேக்குது" என்று நெஞ்சைத் தட்டிக் காட்டுவார். பேஸ் கிட்டாரை எடுத்ததே அதனால்தான். சுருதி சேர்க்கும்போது கிட்டார் உடம்பில் நீண்டிருக்கும் கொம்பைத் தாடை எலும்பில் முட்டுக் கொடுத்து, கண்ணை மூடிக் கம்பியைச் சுண்டுவார். எலும்பு வழியாகக் கேட்பார். பார்க்கிறவர்களுக்குப் பல்வலிக்காரர் மாதிரி தெரியும். டிரம்ஸ் வாசிக்கும் கோகுல்ராஜ், "அண்ணனுக்குப் பல்லுவலி வந்துருச்சு, கச்சேரிய ஆரம்பிங்கப்பா" என்பான். மனைவி முத்தாயம்மாளுக்குக் கீச்சுக்குரல். அவள் சோறுண்ணக் கூப்பிட வேண்டுமென்றால் கதவைக் கையால் குத்துவாள்.

தமிழ்ச்செல்வியிடம் ஒருநாள் ஒத்திகையில் சொன்னார். "ஆபரேசனுக்கு அப்பறம் நீங்க பேசறது எனக்கு நல்லாக் கேக்குதுங்க அம்மிணி. முன்னயெல்லாம் வாய் அசையறதத்தான் பாத்துக்கிட்டிருப்பேன்." அவள் சிரித்துவிட்டாள். போன குரலுக்காக நாலு மாதம் அழுதிருக்கிறாள். வந்த குரலை ஒருவர் நல்லது என்று சொன்னது அதுதான் முதல் தடவை.

அப்படியானால், உச்சியில் அவள் குரல் கிழிவது அவர் காதில் விழுந்திருக்க முடியாது. பிறகு எப்படித் தெரிந்தது? ஒத்திகையில் அவள் அந்த இடத்தை முழுக்குரலில் பாடாமல் கடந்துபோகும்போதெல்லாம் அவளுடைய இடது கை முந்தானையை இறுக்கிப் பிடித்தது. கழுத்து நரம்பு புடைத்தது. ஆடுகிறதைப் பார்க்கிற கண் அவருக்கு.

அருணகிரியின் பேனரில் பெரிய எழுத்தில் இருப்பது, பாடல்கள் அனைத்தும் ஒரிஜினல் சுருதியில் என்பது. அவர் பந்தல், லைட், சவுண்டு செட் வாடகைக்கு விடுகிறவர். சங்கீதம் தெரியாது; ஆனால் சுருதி இறங்கினால் குழுவின் பேர் இறங்கும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருந்தார்கள். பாட முடியாதவர்களை அவர் வைத்துக்கொள்வதில்லை. ஈரோட்டிலிருந்து ஒரு பெண் வாரம் ஒருமுறை அவருக்குப் போன் செய்து, இடம் இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டிருந்தாள். தமிழ்ச்செல்வியின் மகள் தீபிகா அப்போது நர்சிங் இரண்டாம் வருடம். புருசன் இல்லாத வீடு. அந்த இடம் போனால் அவளுக்கு வேறு இடம் கிடையாது.

ஆக, கீ சறுக்கிக்கொண்டே இருந்தது. மோகனூரில் சறுக்கியது, ராசிபுரத்தில் சறுக்கியது. ஒவ்வொரு மேடையிலும் அருணகிரி திட்டினார், ஒவ்வொரு மேடையிலும் சரவணமுத்து தலையை ஆட்டினார். புதுக் கீ வாங்கிப் போடுங்கள் என்றால், "சேலத்துல சொல்லி வெச்சிருக்கேனுங்க, இந்த அளவு வரலைங்கறாங்க" என்றார். "கிட்டாருக்கு வயித்துப்போக்குண்ணா, ஓமத்தண்ணி குடுங்க" என்றான் கோகுல்ராஜ். வேன் முழுக்கச் சிரித்தது. சரவணமுத்துவும் சிரித்தார். எல்லாரும் சிரிப்பதைப் பார்த்துச் சிரித்தாரா, காதில் விழுந்து சிரித்தாரா என்று தெரியாது.

அருணகிரி முட்டாள் இல்லை. ஒருநாள், "வர்ற வெள்ளிக்கெழம ஒத்திகைக்கு வாங்கண்ணா. நானே திருகிப் பாக்கறேன். எப்படி ஏறாமப் போகுதுன்னு பாக்கலாம்" என்றார். அந்த வெள்ளிக்கிழமை காலையில் தமிழ்ச்செல்வி கோயிலுக்குப் போய் எலுமிச்சம்பழ விளக்கு வைத்தாள். அம்மா, என்னை இந்த ஒரு வருசம் தாண்ட வைத்துவிடு என்று கேட்டாள். அவருக்காக ஒன்றும் கேட்கவில்லை. அது பின்னால்தான் நினைவுக்கு வந்தது.

ஒத்திகையில் அருணகிரி கிட்டாரை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு கீயைத் திருகினார். கம்பி ஏறியது, ஏறியது. கடைசி அரைக் கட்டைக்கு முன்னால் கறுக் என்று ஒரு சத்தம். கம்பி தொய்ந்துவிட்டது. மறுபடி திருகினார். மறுபடி கறுக். அருணகிரி கிட்டாரைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "நெசந்தான் போல" என்றார்.

அவரைவிட ஆச்சரியப்பட்டது தமிழ்ச்செல்விதான். அப்படியானால் இத்தனை நாளும் இவர் எனக்காகச் சொல்லவில்லை. கீ உண்மையிலேயே கெட்டிருக்கிறது. நான்தான் என்னென்னவோ நினைத்துக்கொண்டேன் என்று எண்ணினாள். அப்படி எண்ணியதும் மனம் லேசானது. யாருக்கும் கடன்படவில்லை என்பது எவ்வளவு சுகம். அந்த சுகத்தை அவள் அதற்குமேல் கிளறிப் பார்க்கவில்லை.

பள்ளிபாளையம் பண்டிகை வந்தது. சொந்த ஊர். முன்வரிசை நாற்காலிகளில் பட்டறை முதலாளிகள், விழாக் கமிட்டிக்காரர்கள். பன்னிரண்டு தறி வைத்திருக்கும் நாச்சிமுத்து நடுவில் உட்கார்ந்திருந்தார். மூன்றாவது பாட்டு நடுவில் கறுக் என்ற சத்தம் கேட்டது. இந்தத் தடவை அது நிற்கவில்லை. கீயின் பல் சக்கரம் மொத்தமாக விட்டுவிட்டது. தடித்த கம்பி தொய்ந்து கிட்டார்மேல் அடித்து, அருணகிரியின் அத்தனை பெரிய சவுண்டு பெட்டிகளிலும் பாறை உருண்ட மாதிரி இடித்தது. முன்வரிசையில் ஒரு குழந்தை வீரிட்டது. பாட்டு நின்றது. கூட்டம் சிரித்தது.

நாச்சிமுத்து பக்கத்து நாற்காலிக்காரரிடம் சொன்னது மேடை வரைக்கும் கேட்டது. "அவுரு கிட்டாரு கீயே நிக்க மாட்டேங்குது. நம்ம தறியில அவுரு போடற நட்டு எங்கீங்க நிக்கப் போகுது?"

மேடைக்குப் பின்னால் அருணகிரி குரலை உயர்த்தவில்லை. "பத்து மாசமாச் சொல்றனுங்ண்ணா. கமிட்டிக்காரங்க முன்னால மானத்த வாங்கிப்போட்டீங்க." பிறகு தமிழ்ச்செல்வி பக்கம் திரும்பினார். "தமிழு, நீயே சொல்லு. இவரு கிட்டாருனாலதான பத்து மாசமா உன்ற பாட்டு எடுபடாமக் கெடக்குது?"

சரவணமுத்து முதுகைப் பாதி காட்டியபடி வயரை முழங்கையில் சுற்றிக்கொண்டிருந்தார். ஜீவானந்தம் கீபோர்டின் உறையைத் தேடுகிறவர் மாதிரி அந்தப் பக்கம் போய்விட்டார். தமிழ்ச்செல்வி கையில் வெந்நீர் பிளாஸ்க் இருந்தது. மூடியைத் திறந்தாள், மூடினாள்.

"ஆமாங்க" என்றாள்.

மெதுவாகத்தான் சொன்னாள். வயர் சுற்றிக்கொண்டிருந்த கை ஒரு சுற்றுக்கு நின்றது. பிறகு சுற்றியது. அவருக்குக் காது மந்தம், கேட்டிருக்காது என்று அவள் தனக்குள் சொல்லிக்கொண்டாள்.

"நாளையில இருந்து நீங்க ஓய்வெடுத்துக்கங்ண்ணா" என்றார் அருணகிரி. மரியாதையில் ஒரு எழுத்துக்கூடக் குறைக்காமல் ஆளை வெளியே அனுப்புவது எப்படி என்று இந்தப் பக்கத்து ஊர்களில் தெரிந்துகொள்ளலாம்.

மேடை போனது பெரிதில்லை. தறி வேலை போனதுதான் பெரிது. பட்டறைத் தெருவில் அவர் வழக்கம்போல நின்று, "மூணாவது தறியில பெல்ட்டு நழுவுதுங்க" என்பார். உள்ளிருந்து, "நாங்க வேற ஆளு வெச்சுப் பாத்துக்கறமுங்க" என்று பதில் வரும். முதலில் நாச்சிமுத்து பட்டறை, பிறகு அதன் பக்கத்துப் பட்டறை, பிறகு அந்த வரிசையே. தன் சாமானைச் சரியாக வைத்துக்கொள்ளத் தெரியாத மெக்கானிக் என்ற பேச்சு ஒரு தெருவுக்குள் நுழைந்தால், அதை எந்தத் திருப்புளியாலும் கழற்ற முடியாது. அவர் எதையும் மறுத்துச் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் ஒரே ஒரு உண்மையைத்தான் சொல்லியிருக்க வேண்டும். அதில் தமிழ்ச்செல்வியின் கழுத்து இருந்தது.

தமிழ்ச்செல்விக்கும் அந்த இடம் நிலைக்கவில்லை. பேஸை ஜீவானந்தம் இடது கையால் கீபோர்டிலேயே வாசித்துவிட்டார். கம்பி இல்லை, கீ இல்லை, சறுக்குவதற்கு ஒன்றும் இல்லை. பேனரில் போட்டபடி ஒரிஜினல் சுருதி. குமாரபாளையத்தில் அவள் குரல் உச்சியில் கிழிந்ததை இரண்டாயிரம் பேர் கேட்டார்கள். அடுத்த மாதம் மேடையில் ஈரோட்டுப் பெண் நின்றாள்.

ஆவணியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சரவணமுத்து மகாராஷ்டிராவில் இருக்கும் இச்சல்கரஞ்சிக்குத் தறி வேலைக்குப் போகிறார் என்று கேள்விப்பட்டு அவர் வீட்டுக்குப் போனாள். அவர் கடைக்குப் போயிருந்தார். முத்தாயம்மாள் பாய் போட்டாள். வீடு முழுக்க மூட்டை கட்டியிருந்தது. ஜன்னல் கட்டையில் ஒரு சோப்பு டப்பா. அதில் பழைய திருகாணிகளோடு அந்தக் கீயும் கிடந்தது. தமிழ்ச்செல்வி அதை எடுத்துப் பார்த்தாள். சின்னப் பித்தளைச் சக்கரம். பல்லெல்லாம் கூர்மையாக நன்றாக இருந்தது. இரண்டு பல் மட்டும் மழமழவென்று சமமாகப் போயிருந்தது. அதை ஒட்டிய மூன்றாவது பல் பிய்ந்திருந்தது.

"அது தேஞ்சதில்லீங்க" என்றாள் முத்தாயம்மாள். "அவரே அரம் போட்டு ராவுனதுங்க. ஒரு வெசாழக்கெழம மத்தியானம் சோறுகூட உங்காம உக்காந்து ராவுனாரு. நல்லா இருக்கறத எதுக்குங்க கெடுக்கறீங்கன்னு கேட்டேன். நாளைக்கு அருணகிரி திருகிப் பாப்பான், சொன்ன சொல்லு பொய்யா இருக்கக் கூடாதல்லன்னாரு. தறிச் சக்கரத்துல ரெண்டு பல்லு போனாலும் வருசக்கணக்குல ஓடுமாமுங்க. அந்த நெனப்புல ராவிப்போட்டாரு. இது மெல்லிசுப் பித்தளை, பக்கத்துப் பல்லு தாங்குமுங்களா?"

தமிழ்ச்செல்வி சக்கரத்தை விரலால் சுற்றிக்கொண்டே இருந்தாள்.

"ஆருக்காகன்னு அவரு சொல்லலீங்க. நானும் கேக்கலீங்க" என்றாள் முத்தாயம்மாள். சொல்லும்போது அவள் பார்த்துக்கொண்டிருந்தது தமிழ்ச்செல்வியின் கழுத்தை.

சரவணமுத்து வந்தார். "வாங்க அம்மிணி. பாப்பா நல்லாப் படிக்குதுங்களா?" என்றார். மறுநாள் ரயில். அதற்குப் பிறகு அவர் இந்தப் பக்கம் வரவில்லை. ஆகவே அன்று பார்த்ததுதான் கடைசியாகப் பார்த்தது. கிட்டாரை ஆணியிலிருந்து எடுத்துக்கொண்டு வாசற்படியில் உட்கார்ந்தார். புதுக் கீ போட்டிருந்தார். கடையில் வாங்கியது இல்லை, தடித்த பித்தளையில் ஒவ்வொரு பல்லாக அவரே வெட்டியது. "இப்ப முழுசா ஏறுதுங்க" என்று சொல்லிவிட்டு, கொம்பைத் தாடையில் முட்டுக் கொடுத்துக் கண்ணை மூடினார்.

அவள் படிக்குக் கீழே நின்றாள். செருப்பைப் போடுவதா விடுவதா என்று காலுக்குத் தெரியவில்லை. "அண்ணா, அன்னிக்கு அருணகிரி கேட்டப்ப நானு... உங்களுக்குக் கேட்டிருக்காதுன்னு நெனச்சு..."

சரவணமுத்து கண்ணைத் திறக்கவில்லை. தாடையையும் எடுக்கவில்லை. கீயைக் கால் திருகு திருகினார். தடித்த கம்பியை ஒருமுறை சுண்டி, அந்தச் சத்தம் எலும்புக்குள் அடங்குகிற வரைக்கும் காத்திருந்தார்.

"உங்க ஒசந்த சத்தந்தானுங்க அம்மிணி எனக்குக் கேக்காது" என்றார். "அன்னிக்குச் சொன்னது அடிக்குரலுங்க. நல்லாக் கேட்டுச்சுங்க."